போர்ப் படங்களில் வரும் டாங்கிகளில் அசல் எது, வேடமிட்டது எது என்று கண்டுபிடிப்பது எப்படி?

‘சேவிங் பிரைவேட் ரையன்’ படத்தின் இறுதிச் சண்டையில் வரும் ஜெர்மன் டைகர் டாங்கிகள் உண்மையானவையா என்றும், ஒரு சாதாரணப் பார்வையாளரால் அதைக் கண்டறிய முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அவை உண்மையான டைகர்கள் அல்ல. சோவியத் நாட்டின் டி-34 டாங்கியின் மேல் டைகரின் உருவத்தைக் கட்டி ஓட்டியிருக்கிறார்கள். இதைக் கண்டறிய இராணுவத்தில் பணியாற்றியிருக்க வேண்டியதில்லை. மேலே பீரங்கியைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கீழே சக்கரங்களைப் பார்த்தால் போதும்.

ஒரு டாங்கியின் மேல்பாகம் முழுவதையும், சுழலும் கூண்டு, பீரங்கிக் குழாய், பக்கவாட்டுத் தகடுகள் உட்பட, மெல்லிய இரும்புத் தகட்டாலும் ஒட்டுப்பலகையாலும் ஒரு நல்ல பட்டறையில் செய்துவிடலாம். ஆனால் முப்பது டன் எடையைத் தாங்கி ஓடும் சக்கரங்களையும் அவற்றைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டையையும் மாற்றுவது ஏறத்தாழ ஒரு புதிய வண்டியையே செய்வதற்குச் சமம் என்பதால், கலை இயக்குநர்கள் பெரும்பாலும் அங்கே கை வைப்பதில்லை.

இது எனக்கு உறைத்தது திரையரங்கில் அல்ல, சாப்பாட்டு மேசையில். சில ஆண்டுகளுக்கு முன் 1/35 அளவுள்ள டைகர் பிளாஸ்டிக் மாதிரி ஒன்றை வாங்கி ஒட்ட உட்கார்ந்தேன். முதல் மாலை முழுவதும் சக்கரங்களிலேயே கழிந்தது. டைகரின் ஒரு பக்கத்தில் எட்டு அச்சுகள். தொடக்ககால வகையில் ஒவ்வொரு அச்சுக்கும் மூன்று வட்டத் தகடுகள். ஆக ஒரு பக்கத்துக்கு 24, இரு பக்கத்துக்கும் சேர்த்து 48. அவை அருகருகே தனித்தனியாக நிற்பதில்லை. சீட்டுக்கட்டைக் கலைத்தாற்போல ஒன்றின் இடைவெளிக்குள் மற்றொன்று நுழைந்து நிற்கும். ஐம்பத்தேழு டன் எடையைப் பரவலாகத் தாங்குவதற்காகச் செய்த ஏற்பாடு அது. ரஷ்யக் குளிரில் அந்த இடுக்குகளில் சேறு புகுந்து உறைந்து வண்டியையே அசையவிடாமல் செய்தது என்பதும், உள்வரிசைச் சக்கரம் ஒன்று பழுதானால் வெளிவரிசையில் பலவற்றைக் கழற்ற வேண்டியிருந்தது என்பதும் அதன் மறுபக்கம்.

அந்த மாதிரியை ஒட்டிய கையோடு அதே படத்தை மறுபடியும் பார்த்தேன். வீரர்கள் காலுறைக்குள் வெடிமருந்தைத் திணித்து, மசகைத் தடவி, டைகரின் சக்கரப் பகுதியில் ஒட்டுகிறார்களே, அந்தக் காட்சியில் கேமராவே நம்மைச் சக்கரங்களுக்குப் பக்கத்தில் அழைத்துச் செல்கிறது. அங்கே இருப்பவை இடைவெளி விட்டு நிற்கும் ஐந்து பெரிய சக்கரங்கள். டி-34-க்கே உரிய அடையாளம். சங்கிலிப் பட்டையை இழுக்கும் பல்சக்கரம் டைகரில் முன்பக்கம் இருக்கும், டி-34-இல் பின்பக்கம் இருக்கும். எஞ்சினையும் கியர் பெட்டியையும் பின்னால் வைத்த காரணத்தால் டி-34-இன் கூண்டு முன்னோக்கித் தள்ளி அமைந்திருக்கிறது. அதன்மேல் டைகரின் கூண்டைப் பொருத்தினால் அதுவும் முன்னோக்கித்தான் நிற்கும். உண்மையான டைகரிலோ கூண்டு ஏறக்குறைய நடுவில் இருக்கும். பக்கவாட்டில் பார்க்கும்போது வண்டி மூக்கின்மேல் கவிழப்போவது போல ஓர் உணர்வு தட்டினால், அதற்கு இதுதான் காரணம். இவ்வளவும் சொன்ன பிறகும், அந்த வேடம் மிக நல்ல வேடம் என்பதே என் கருத்து. 1970-இல் யூகோஸ்லாவியாவில் எடுக்கப்பட்ட ‘கெல்லிஸ் ஹீரோஸ்’ படத்திலும் இதே டி-34 உத்தியைத்தான் கையாண்டார்கள்.

வேடமே போடாமல் விட்டவர்களும் உண்டு. 1965-இல் வெளியான ‘பேட்டில் ஆஃப் த பல்ஜ்’ ஸ்பெயினில் எடுக்கப்பட்டது. 1953-இல் அமெரிக்காவோடு செய்துகொண்ட உடன்படிக்கைக்குப் பின் ஸ்பானிய இராணுவத்துக்கு அமெரிக்க டாங்கிகள் கிடைத்திருந்தன. அவற்றையே வாடிக்கையாகப் படங்களுக்கும் கொடுத்தார்கள். அதனால் அந்தப் படத்தில் ஜெர்மானியரின் கிங் டைகர்களாக (டைகருக்குப் பின் வந்த, அதைவிடப் பெரிய டாங்கி) வருபவை எம்-47 பேட்டன்கள். அமெரிக்கரின் ஷெர்மன்களாக வருபவை ஷெர்மனைவிட எடை குறைந்த எம்-24 சாஃபிகள். எம்-47-இல் ஒன்றையொன்று தொடாத ஆறு சக்கரங்கள், பட்டையின் மேல்பகுதியைத் தாங்கச் சிறு உருளைகள், பின்பக்கப் பல்சக்கரம். கிங் டைகரில் இவை எதுவும் இப்படி இல்லை. போருக்குப் பின் பிறந்த வண்டி என்பதுகூடப் பெரிய விஷயமல்ல. 1944 டிசம்பரில் பெல்ஜியத்தின் பாஸ்டோன் நகரைச் சூழ்ந்த ஜெர்மானியரின் முற்றுகையை உடைத்தது அமெரிக்கத் தளபதி பேட்டனின் படை. அதே சண்டையைப் பற்றிய படத்தில் அவர் பெயர் தாங்கிய டாங்கி எதிரியாக நடிக்கிறது. அவரைப் பற்றியே 1970-இல் வந்த ‘பேட்டன்’ படத்திலும் இந்தக் கூத்து தொடர்கிறது. நம்மவர்களுக்கு இந்த வண்டி புதிதல்ல: 1965 போரில் பஞ்சாபின் அசல் உத்தரில் பாகிஸ்தானிடமிருந்து கைப்பற்றப்பட்டு, வெற்றிச் சின்னமாக நிறுத்தப்பட்டவை இந்தப் பேட்டன் வகைகளே. அவற்றில் ஒன்றை நேரில் பார்த்தவர்களுக்கு அந்தப் படத்தின் ‘ஜெர்மன்’ டாங்கியை அடையாளம் காண ஒரு நொடி போதும்.

முன்னால் ரப்பர் சக்கரமும் பின்னால் சங்கிலிப் பட்டையும் கொண்ட ஹாஃப்-ட்ராக் வண்டிகளில் ஏமாறுவது எளிது. பழைய படங்களில் அமெரிக்க எம்-3 வண்டிக்குச் சாம்பல் நிறம் பூசி ஜெர்மன் வண்டி என்பார்கள்; அதன் பக்கச் சுவர்கள் ஜெர்மன் வண்டியில் போலச் சாய்ந்திராமல் செங்குத்தாக நிற்பதால் பிடிபட்டுவிடும். செக்கோஸ்லோவாக்கியா போருக்குப் பின் தயாரித்த ஓடி-810 அப்படியல்ல. அது ஜெர்மன் வடிவத்திலிருந்தே வந்தது என்பதால், அதன் கூரையைக் கழற்றிவிட்டால் எனக்கும் உறுதியாகச் சொல்ல வராது.

சக்கரம் புகையிலோ புல்லிலோ மறைந்திருந்தால் வேறு இரண்டு இடங்களைப் பார்ப்பேன். ஒன்று, மூடியின் விளிம்பு. வீரர் தலையை நீட்டும்போது திறக்கும் மூடி கனத்த எஃகாக இல்லாமல் சமையலறைத் தட்டுபோல மெல்லியதாக இருந்தால், அது பட்டறையில் செய்தது. மற்றொன்று, பீரங்கி சுடும் தருணம். உண்மையான பீரங்கியில் குழாய் சட்டென்று பின்னுக்குப் போய்த் திரும்பும். தீப்பிழம்பு மட்டும் பீறிட்டு, குழாய் இருந்த இடத்திலேயே அசையாமல் நின்றால், உள்ளே எரிவது வாயு.

அசல் டைகரையே பார்க்க வேண்டுமானால் 2014-இல் வந்த ‘ஃபியூரி’ இருக்கிறது. 1943 ஏப்ரலில் துனிசியாவில் பிரிட்டிஷாரிடம் சிக்கிய டைகர் 131, இங்கிலாந்தின் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படம் எடுத்த காலத்தில் சொந்த எஞ்சினில் ஓடக்கூடிய ஒரே டைகர் அதுதான். சுமார் 1,350 செய்யப்பட்டவற்றில் எஞ்சியவை ஒரு கை விரல்களைச் சற்றே தாண்டும். அருங்காட்சியகம் அதைப் படப்பிடிப்புக்குக் கொடுத்ததே பெரிய செய்தி. ஆனால் குறை சொல்லும் குணம் யாரை விட்டது? கதை நடப்பது 1945 ஏப்ரலில். அந்தக் காலத்து டைகருக்கு இரும்பு விளிம்புச் சக்கரங்களும், டாங்கியின் தலைவர் நிற்கும் இடத்தில் தாழ்வான வார்ப்பு மூடியும் இருந்திருக்க வேண்டும். 131-க்கு இருப்பது குப்பைத் தொட்டி போல உயர்ந்து நிற்கும் பழைய வகை. வண்டி நூறு சதவீதம் அசல். கதை நடக்கும் காலத்துக்குத்தான் அது இரண்டு வயது மூப்பு.

அந்தக் காட்சியில் நான்கு ஷெர்மன்களும் ஒரு டைகரும் வயலில் மோதிக்கொள்ளும்போது என் பக்கத்து இருக்கைக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் எட்டு அச்சுகளும் சரியாக இருக்கின்றனவா என்று எண்ணிக்கொண்டிருந்தேன். இருந்தன.