சென்னை வேளச்சேரியில் குடியேறலாமா? மழைக்கு மூழ்கும் என்கிறார்களே?

கேள்வி கேட்டவர் சொன்ன விவரம்: அவருக்கு வேலை டைடல் பார்க் பக்கம், மனைவிக்குக் கிண்டி. கூடவே முழங்கால் வலியுள்ள அம்மா. இப்போதைக்கு வாடகை, பிடித்துப்போனால் அங்கேயே ஃப்ளாட் வாங்கும் எண்ணம்.

வேளச்சேரி என்று மொத்தமாக ஒரு ஏரியாவை நினைத்துக்கொண்டு 'போகலாமா, வேண்டாமா' என்று கேட்டால் யாராலும் சரியான பதில் சொல்ல முடியாது. ஒரு தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது இரண்டு தெரு தள்ளி ஆட்டோ ஓடிக்கொண்டிருக்கும். எந்தத் தெரு, அந்தத் தெருவில் எந்தக் கட்டடம், அதில் எத்தனாவது மாடி என்று மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். வாடகைக்கு என்றால் உங்கள் இருவர் வேலைக்கும் வேளச்சேரி நல்ல தேர்வுதான். வாங்குவதற்கு ஒரு ஐப்பசி, கார்த்திகை கடக்கும்வரை பொறுங்கள்.

முதலில் தண்ணீர் ஏன் நிற்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆதம்பாக்கம் ஏரி, வேளச்சேரி ஏரிப் பக்கத்து மழைநீர் வீராங்கால் ஓடை போன்ற கால்வாய்கள் வழியாகப் பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்குப் போக வேண்டும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்ஹாம் கால்வாய், கடைசியாகக் கோவளம் முகத்துவாரம். இவ்வளவு தூரத்துக்கும் சரிவு மிகக் குறைவு. தென்சென்னையின் பல ஏரிகளின் உபரிநீரும் அதே சதுப்புநிலத்துக்குத்தான் வந்து சேர்கிறது. சதுப்பு நிரம்பிவிட்டாலோ, கடல் ஏற்றத்தில் இருந்தாலோ, உங்கள் தெரு வடிகால் எவ்வளவு புதியதாக இருந்தாலும் தண்ணீர் போக இடமில்லை, எதிர்த்து வரும். "புது மழைநீர் வடிகால் போட்டாச்சு சார், இனிமே பிரச்சினை இல்லை" என்று தரகர் சொல்வது பாதி உண்மை. இரண்டு மணி நேர மழைக்கு அந்த வடிகால் உதவும். 2015 டிசம்பர், 2021 நவம்பர், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மாதிரி அடித்துப் பெய்தால் சதுப்பில் எவ்வளவு இடம் மிச்சம் என்பதுதான் கணக்கு. வேளச்சேரி ஏரியின் பெரும்பகுதி வீடுகளாகிவிட்டதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏ.ஜி.எஸ். காலனி, ராம் நகர், விஜயநகரின் சில தெருக்கள், டான்சி நகர், வி.ஜி.பி. செல்வ நகர் என்று வெள்ளச் செய்தியில் திரும்பத் திரும்ப வரும் பெயர்கள் உண்டு. பெயரைக் கேட்டவுடன் ஓடவும் வேண்டாம், பட்டியலில் இல்லாத நகர் என்று நிம்மதியடையவும் வேண்டாம். ஏரிக்கரைக் கிராமங்களில் கோயிலைச் சுற்றிய பழைய ஊர்ப்பகுதி பொதுவாக மேட்டில் இருக்கும், பின்னால் மனை போட்ட 'நகர்'கள்தான் பள்ளத்தில் இருக்கும். தண்டீஸ்வரர் கோயில் பக்கம் பார்க்கும்போதும் இதை ஒரு தொடக்கமாக மட்டும் வைத்துக்கொண்டு, கட்டடத்தைத் தனியாகச் சோதியுங்கள்.

சோதிப்பது எப்படி? மழை நாளில் போய்ப் பார்ப்பதுதான் முதல் வழி. அது முடியாவிட்டால் கட்டடமே சாட்சி சொல்லும். காம்பவுண்டுச் சுவரின் உட்புறம், படிக்கட்டின் அடிப்பகுதி, லிஃப்ட் கதவின் ஓரம் இவற்றில் கிடைமட்டமாகப் பழுப்புக் கோடு இருக்கிறதா பாருங்கள். பெயின்ட் அடித்து மறைத்திருந்தால் கேட்டைக் கவனியுங்கள். கீழ்க் கீல் மட்டும் துருப்பிடித்து மேல் கீல் நன்றாக இருந்தால் அந்த உயரம் வரை தண்ணீர் நின்றிருக்க வாய்ப்பு அதிகம். மின் மீட்டர் பெட்டி எந்த உயரத்தில் இருக்கிறது? பழைய பெட்டியின் தடம் கீழேயும் புதுப் பெட்டி ஆள் உயரத்துக்கு மேலேயும் இருந்தால், ஒருமுறை பட்டுத் திருந்தியிருக்கிறார்கள். சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) மூடி தரைமட்டத்தில் இருக்கிறதா, ஒன்றரை இரண்டு அடி சுவர் எழுப்பி மேலே வைத்திருக்கிறார்களா? தரைமட்டத்தில் இருந்தால் வெள்ளத்தில் சாக்கடைத் தண்ணீர் நேராகக் குடிநீரில் கலக்கும். உயர்த்தி வைத்த அசோசியேஷன் புத்திசாலி அசோசியேஷன், அதற்கு மதிப்பெண் கொடுங்கள்.

அடுத்து ரோட்டின் உயரம். பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு ரோடு வீட்டைவிட உயர்ந்த தெருக்கள் சென்னையில் ஏராளம். கண்ணால் பார்த்தால் ஏமாற்றும். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல், அதாவது தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய், ஒன்றைக் கொண்டுபோய் ஒரு முனையை ரோட்டின் நடு முதுகிலும் மறுமுனையை ஸ்டில்ட் (கட்டடத்துக்கு அடியில், தூண்களுக்கு நடுவே கார் விடும் தளம்) தரையிலும் பிடித்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஸ்டில்ட் தரை ரோட்டைவிட ஒன்றரை அடியாவது உயரமாக இருக்க வேண்டும். ரோட்டைவிடத் தாழ்ந்திருந்தால் சாதாரண மழைக்கே மோட்டார் போட்டு இறைக்க வேண்டியிருக்கும். வாடகைக்குப் போகும் ஆள் இவ்வளவு செய்வதா என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

விசாரிக்கும்போது "இங்கே வெள்ளம் வருமா?" என்று கேட்காதீர்கள். வீட்டுக்காரர் "அதெல்லாம் வராது" என்பார், பக்கத்து வீட்டுக்காரர் மனை விலை குறைந்துவிடும் என்று மழுப்புவார். தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர், மாவு மில், வாட்ச்மேன், ஆட்டோ ஸ்டாண்டு இவர்களிடம் கேட்பது வேறு மாதிரி இருக்க வேண்டும்: "அண்ணே, மிக்ஜாம் அப்போ இந்த வீட்ல தண்ணி எத்தனாவது படி வரைக்கும் வந்துச்சு? எத்தனை நாள் கரண்ட் இல்ல?" படிக் கணக்கும் நாள் கணக்கும் கேட்டால் பதிலும் கணக்காகவே வரும். மூன்று பேரிடம் கேளுங்கள். ஒரு நாளில் வடிந்த தெருவும் நான்கு நாள் நின்ற தெருவும் ஒன்றல்ல.

மாடி விஷயத்தில் உங்கள் அம்மாவை வைத்துத்தான் முடிவு. முழங்கால் வலிக்குத் தரைத்தளம் வசதி என்று தோன்றும். இந்தப் பகுதியில் அது தவறான சிக்கனம். தண்ணீர் உள்ளே வருவது ஒரு பக்கம், பாதாளச் சாக்கடை நிரம்பினால் தரைத்தளக் கழிப்பறை வழியாகவே கழிவுநீர் மேலே கொப்பளிக்கும். எதிரோட்டத் தடுப்பு வால்வு போட்ட கட்டடங்கள் குறைவு. அதற்காக ஐந்தாவது மாடிக்கும் போகாதீர்கள். தண்ணீர் தேங்கினால் ஷாக் அடிக்கும் ஆபத்துக்காக மின்சார வாரியமே சப்ளையை நிறுத்திவிடும். லிஃப்ட் நின்றுவிடும், ஜெனரேட்டர் ஸ்டில்ட்டில் இருந்தால் அதுவும் முழுகியிருக்கும். மாடித் தொட்டியில் இருக்கும் தண்ணீர்தான் அன்றைய இருப்பு. லிஃப்ட் இல்லாமலும் பிடித்துக்கொண்டு ஏறி இறங்கக்கூடிய முதல் மாடிதான் உங்களுக்குச் சரி. ஜெனரேட்டர் எவ்வளவு உயர மேடையில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.

கார் இருக்கிறதா? 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசை கட்டி நின்ற காட்சி நினைவிருக்கும். வேடிக்கையாகப் பேசினார்கள், ஆனால் ஸ்டில்ட் பார்க்கிங்காரர்களுக்கு அது பழகிப்போன தற்காப்பு. காப்பீட்டில் 'என்ஜின் புரொடெக்ட்' சேர்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வடிந்தபின் ஆர்வத்தில் சாவியைத் திருப்பக் கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அந்தத் துணைக் காப்பீடு இல்லையென்றால், மூழ்கிய பிறகு ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம் என்று சொல்லி க்ளெய்மை மறுப்பதும் வழக்கம்.

இனி குடிநீர். மழைக்கு மூழ்கும் அதே ஊர் மே மாதத்தில் லாரிக்குக் காத்திருக்கும், சென்னையின் வினோதம் இது. நெம்மேலி கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை 2013ல் வந்த பிறகு தென்சென்னைக்கு நிலைமை தேறியது. 2024 பிப்ரவரியில் நாளொன்றுக்கு 15 கோடி லிட்டர் திறனில் இரண்டாவது ஆலையும் திறந்தார்கள். இருந்தாலும் உங்கள் கட்டடத்துக்கு மெட்ரோ வாட்டர் (குடிநீர் வாரியம்) இணைப்பு இருக்கிறதா, அழுத்தம் எப்படி என்பது தனிக் கேள்வி. அசோசியேஷனிடம் போன மே மாத மெயின்டனன்ஸ் கணக்கைக் கேளுங்கள். அதில் 'லாரி தண்ணீர்' என்ற வரியில் உண்மை இருக்கும். ஒரு தோராயக் கணக்கு: ஆளுக்கு 135 லிட்டர் வைத்தால் நான்கு பேர் வீட்டுக்கு நாளுக்கு 540 லிட்டர், 20 ஃப்ளாட்டுக்கு 10,800. போர் (ஆழ்துளைக் கிணறு) வற்றினால் கிட்டத்தட்ட நாளுக்கு ஒரு 12,000 லிட்டர் லாரி. போர் தண்ணீரை டி.டி.எஸ். மீட்டரில் (கரைந்த உப்புகளின் அளவைக் காட்டும் கருவி) சோதியுங்கள். குடிக்க 500க்குள் இருப்பது நல்லது, வேறு வழி இல்லாதபோது 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அளவு கூடக் கூடக் குழாய், கீஸர் எல்லாவற்றிலும் உப்புப் படியும்.

காலையில் மட்டும் வீடு பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பெருங்குடி குப்பைக் கிடங்கு தென்கிழக்கில்தான் இருக்கிறது. பிற்பகல் கடற்காற்று எழும்போது சில பகுதிகளுக்கு வாடை வரும். 2022 ஏப்ரலில் அங்கே தீப்பிடித்துப் பல நாள் புகைந்தது. பழைய குப்பையைத் தோண்டிப் பிரிக்கும் வேலை நடந்து மலை குறைந்திருக்கிறது என்றாலும், மாலை ஐந்து மணிக்கு மொட்டை மாடியில் பத்து நிமிடம் நின்று பாருங்கள்.

போக்குவரத்தில் உங்களுக்குச் சாதகம். பறக்கும் ரயிலில் வேளச்சேரி ஏறினால் பெருங்குடி, தரமணி, அடுத்தது திருவான்மியூர், டைடல் பார்க் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே. குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். மெட்ரோ மாதிரி அடிக்கடி வராது, அட்டவணையைப் பார்த்துக் கிளம்ப வேண்டும். ஸ்டேஷன்கள் பிரம்மாண்டமாகவும் ஆளரவம் இல்லாமலும் இருக்கும், இரவு தாமதமாக வருபவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம். ஸ்டேஷன் ஒரு ஓரத்தில் இருப்பதால் தண்டீஸ்வரம் பக்கம் வீடு எடுத்தால் ஷேர் ஆட்டோ கூடுதல். மனைவிக்குக் கிண்டி போக வேளச்சேரி மெயின் ரோட்டில் பஸ்ஸோ வண்டியோ உண்டு. விஜயநகர் சந்திப்பில் 2021, 2022ல் இரண்டு அடுக்காக மேம்பாலம் திறந்த பிறகு அந்த முடிச்சு தளர்ந்தது, ஆனால் ஃபீனிக்ஸ் மால் பக்கம் சனி, ஞாயிறு மாலை நகராது. இருவர் அலுவலகத்துக்கும் நடுவில் என்றால் விஜயநகர் பேருந்து நிலையத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் இடைப்பட்ட தெருக்களில் தேடுங்கள். "மெட்ரோ வரப்போகுது, வாடகை ஏறிடும்" என்று அவசரப்படுத்தினால் நம்பாதீர்கள். இரண்டாம் கட்ட மெட்ரோவின் மாதவரம் - சோழிங்கநல்லூர் தடம் ஆதம்பாக்கம், புழுதிவாக்கம், மடிப்பாக்கம் வழியாகப் போகிறது, வேளச்சேரிக்குள் நுழையவில்லை.

கடை, பள்ளி, ஆஸ்பத்திரி எல்லாம் தாராளம். அதற்காக யாரும் இங்கே கஷ்டப்படுவதில்லை.

வாடகை ஒப்பந்தத்தில்: 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் செய்ய வேண்டும். வேறு விதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைதான். நடைமுறையில் அதைவிடக் கூடுதலாகக் கேட்பார்கள், இந்தச் சட்டத்தைக் காட்டி இறக்கிப் பேசுங்கள். வெள்ளத்தால் வீட்டில் இருக்க முடியாமல் போகும் நாட்களுக்கு வாடகைக் கழிவு, மோட்டார், மின்பெட்டி பழுது வீட்டுக்காரர் செலவு என்று இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள். ஆடி கழிந்து ஆவணியில் குடியேறினால் 11 மாத ஒப்பந்தத்துக்குள் ஒரு முழு வடகிழக்குப் பருவமழையைப் பார்த்துவிடலாம்.

வாங்கும்போது இங்கே தனியாகக் கவனிக்க வேண்டியது நிலத்தின் வகைப்பாடு. சொத்து வரி ரசீதும் மின் இணைப்பும் உரிமைக்கு ஆதாரம் ஆகாது, ஏரிப் புறம்போக்கில் இருக்கும் வீட்டுக்கும் இரண்டும் இருக்கும். சர்வே எண்ணை வைத்து 'அ' பதிவேட்டில் (வருவாய்த்துறையின் நிலப் பதிவேடு), நகர நில அளவைப் பதிவேட்டில் அந்த இடம் நீர்நிலை என்று வருகிறதா பாருங்கள். வில்லங்கச் சான்று 30 வருடத்துக்காவது எடுங்கள், 1975லிருந்து பதிவுத்துறை இணையதளத்திலேயே கிடைக்கும். சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அனுமதி வரைபடத்தோடு நிறைவுச் சான்றும் வேண்டும். பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022ல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, எல்லை வரையறுக்கும் ஆய்வு முடியும்வரை அதைச் சுற்றி 1 கி.மீ.க்குள் கட்டுமான அனுமதி தரக் கூடாது என்று உத்தரவிட்டது. ஆகவே பள்ளிக்கரணை, பெருங்குடி ஓரமாக இன்னும் கட்டி முடிக்காத புராஜெக்டுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன், அனுமதி எந்தத் தேதியில் வாங்கியது, இன்றைக்குச் செல்லுமா என்று சி.எம்.டி.ஏ.வில் நேரில் விசாரித்து, காகிதத்தை வக்கீலிடம் காட்டுங்கள். பில்டரின் சேல்ஸ் ஆள் சொல்வதை மட்டும் நம்பி டோக்கன் தொகை கொடுக்காதீர்கள்.