தம்பியைக் கிளப்ஹவுஸில் சேர்க்கலாமா?

கேள்வி: என் தம்பிக்கு 27 வயது. ஐந்து வருடங்களுக்கு முன் ஸ்கீசோஃப்ரினியா (மனச்சிதைவு நோய்) என்றார்கள். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறான். காதில் குரல் கேட்பது நின்று இரண்டு வருடமாகிறது. ஆனால் அறையை விட்டு வெளியே வருவதே இல்லை. குளிப்பதற்குக்கூட நான்கு முறை சொல்ல வேண்டும். மனநோயோடு வாழ்கிறவர்கள் பகலில் கூடிச் சேர்ந்து வேலை செய்கிற கிளப்ஹவுஸ் என்று ஓர் இடம் இருக்கிறது, அங்கே அனுப்பிப் பாருங்கள் என்றார் டாக்டர். முதலில் நான் மட்டும் போய்ப் பார்த்தேன். ஒருவர் காய் நறுக்குகிறார், ஒருவர் தரை துடைக்கிறார், ஒருவர் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருக்கிறார். யார் ஊழியர், யார் நோயாளி என்றே தெரியவில்லை. செய்கிற வேலைக்குச் சம்பளமும் கிடையாதாம். இது சிகிச்சையா, இல்லை சும்மா வேலை வாங்குகிறார்களா? இவனை எப்படி அங்கே கூட்டிக்கொண்டு போவது?

பதில்: யார் யாரென்று தெரியவில்லை என்பதை நீங்கள் குறையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதைப் படித்ததும்தான், சரியான இடத்தைத்தான் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள் என்று பட்டது.

முதலில் தம்பியின் நிலை. ஸ்கீசோஃப்ரினியாவுக்குக் கொடுக்கிற மாத்திரைகள் குரல் கேட்பது, வீண் சந்தேகம் போன்றவற்றை நன்றாக அடக்கும். ஆர்வமின்மை, எதையும் தொடங்க முடியாமல் கிடப்பது, ஆட்களிடமிருந்து விலகுவது ஆகியவற்றின் மேல் அவற்றுக்கு அவ்வளவு பிடி இல்லை. இதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்து வீட்டில் சண்டை நடக்கும். இதுவும் நோயின் பகுதிதான். இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது: ஐந்து வருடமாக அவரை நம்பி யாரும் எதையும் விட்டுவைத்ததில்லை. அவர் எழுந்தாலும் எழாவிட்டாலும் வீடு அதுபாட்டுக்கு நடக்கிறது. அப்படியிருக்க எதற்காக எழ வேண்டும்?

கிளப்ஹவுஸ் கைவைப்பது இந்த இடத்தில்தான். 1940களில் நியூயார்க் மாகாணத்தின் ராக்லண்ட் அரசு மனநல மருத்துவமனையில் இருந்தவர்கள் சிலர், வெளியே வந்த பிறகும் தங்களுக்குள் சந்தித்துக்கொண்டார்கள். ‘நாம் தனியாக இல்லை’ என்பதுதான் குழுவின் பெயர். 1948இல் அவர்களுக்கென்று நியூயார்க் நகரில் ஒரு வீடு அமைந்தது. தோட்டத்தில் ஒரு நீரூற்று இருந்ததால் ஃபவுண்டன் ஹவுஸ் என்று பெயர். 1955இல் ஜான் பியர்ட் என்ற சமூகப் பணியாளர் அதன் இயக்குநரானார். வீட்டை நடத்துகிற வேலையையே நாளின் மையமாக்கிய முறை அவர் காலத்தில் உருவானது. இப்போது முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் இந்த மாதிரியில் கிளப்ஹவுஸ்கள் நடக்கின்றன. கிளப்ஹவுஸ் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு பொதுவான தர விதிகளை வைத்து அங்கீகாரம் கொடுக்கிறது.

அந்த விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஊழியர் எண்ணிக்கை பற்றியது. உறுப்பினர்களோடு (அங்கே வருகிற நோயாளிகளை அப்படித்தான் சொல்வார்கள்) சேர்ந்து வேலை செய்யப் போதுமான ஊழியர்கள் இருக்க வேண்டும். உறுப்பினர்கள் இல்லாமலே எல்லாவற்றையும் முடித்துவிடும் அளவுக்கு இருக்கக்கூடாது. வேண்டுமென்றே ஆள் பற்றாக்குறை! மதியச் சாப்பாடு தயாராக வேண்டுமென்றால், வருகைப் பதிவு சரியாக இருக்க வேண்டுமென்றால், செய்திமடல் வெளிவர வேண்டுமென்றால் உறுப்பினர்கள் வந்தே தீர வேண்டும். ‘வேலை வாங்குகிறார்களா’ என்று கேட்டீர்கள். ஆமாம், வாங்குகிறார்கள். ஆனால் அந்த வேலை எல்லாமே அந்த வீட்டுக்குள் அவர்களுக்காகவே நடப்பது. வெளியே விற்கப் பொருள் செய்யச் சொல்லிக் கூலி கொடுக்காமல் விட்டால்தான் அது சுரண்டல். அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

நான் அருகிலிருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு இளைஞர் மூன்று வாரமாக ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். யாரும் வற்புறுத்தவில்லை. காலைக் கூட்டத்தில் அன்றைய வேலைகளைப் பலகையில் எழுதி யார் எதைச் செய்வதென்று கேட்பார்கள். அவர் தலையைத் தூக்கமாட்டார். ஒருநாள் செய்திமடல் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்த பெண், கை போதாமல், “இதைக் கொஞ்சம் பிடிங்களேன்” என்று தாள்கட்டு ஒன்றை அவரிடம் நீட்டினார். பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான். மறுநாள் வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “நேத்து அதை யார் பின் அடிச்சது? கோணலா இருக்கு.” அந்த வீட்டில் அவர் குரலை எல்லோரும் கேட்டது அன்றைக்குத்தான். தாளை நீட்டியவர் ஊழியரா உறுப்பினரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சம்பளம் வெளியிலிருந்து வருகிறது. இடைக்கால வேலை என்று ஒரு ஏற்பாடு உண்டு. கிளப்ஹவுஸ் ஒரு நிறுவனத்தோடு பேசி ஒரு பகுதிநேர வேலையிடத்தைப் பிடித்து வைக்கும். வாரத்துக்கு 15 முதல் 20 மணி நேரம், ஆறு முதல் ஒன்பது மாதம். அந்த வேலைக்கு மற்றவர்களுக்கு என்ன சம்பளமோ அதை நிறுவனமே நேரடியாகக் கொடுக்கும். கிளப்ஹவுஸ் ஊழியர் முதலில் தானே அந்த வேலையைக் கற்றுக்கொண்டு பிறகு உறுப்பினருக்குச் சொல்லித்தருவார். உறுப்பினரால் ஒருநாள் போக முடியாவிட்டால் கிளப்ஹவுஸிலிருந்து வேறொருவர் போய்ச் செய்வார். முதலாளிக்கு ஆள் குறையாது, உங்கள் தம்பிக்கும் ‘லீவு போட்டால் வேலை போய்விடுமே’ என்ற பயம் இருக்காது. இடையில் விட்டுவிட்டாலும் மறுபடி முயற்சிக்க வாய்ப்பு உண்டு.

ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது. உங்கள் ஒரே நோக்கம் அவருக்குச் சீக்கிரம் வழக்கமான வேலை கிடைக்க வேண்டும் என்பதானால், ஐபிஎஸ் என்று சுருக்கமாகச் சொல்லப்படுகிற தனிநபர் வேலைவாய்ப்பு ஆதரவு முறைக்குத்தான் (நேராக வழக்கமான வேலையையே தேடிக்கொடுத்து, வேலையில் இருக்கும்போதும் துணை நிற்பது) ஆராய்ச்சிச் சான்று அதிகம். உங்கள் பகுதியில் அது இருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். கிளப்ஹவுஸின் பலம் வேறு. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் போக ஓர் இடம், தெரிந்த முகங்கள், காலக்கெடு இல்லாத உறுப்பினர் உரிமை. நோய் திரும்பி மருத்துவமனையில் இருந்துவிட்டு வந்தாலும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டியதில்லை. அறையை விட்டே வெளியே வராத ஒருவருக்கு நான் முதலில் இதைத்தான் சொல்வேன்.

அங்கே மருத்துவம் நடக்காது. மாத்திரை கொடுப்பதோ கவுன்சலிங் செய்வதோ அந்தக் கூரைக்குள் கிடையாது. ஆகவே டாக்டரிடம் போவதை நிறுத்திவிடாதீர்கள், மாத்திரை அப்படியே தொடரட்டும். குரல்கள் மீண்டும் கேட்கத் தொடங்கினால், தூக்கம் குலைந்தால், சாவைப் பற்றிப் பேசினால் கிளப்ஹவுஸ் பார்த்துக்கொள்ளும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவ உதவி தேடுங்கள்.

பெயர்ப்பலகையில் கிளப்ஹவுஸ் என்று எழுதிவிட்டு உள்ளே பகல்நேரக் காப்பகமாக நடத்துகிற இடங்களும் உண்டு. அடுத்த முறை போகும்போது கதவுகளைப் பாருங்கள்: ‘ஊழியர்கள் மட்டும்’ என்று ஓர் அறை இருக்கிறதா? உறுப்பினர்கள் நுழையக்கூடாத கூட்டம் நடக்கிறதா? இரண்டுமே இருக்கக்கூடாது. உறுப்பினரைப் பற்றிப் பதிவேட்டில் எழுதுவதை, அவர் விரும்பினால், அவரும் சேர்ந்து எழுதிக் கையெழுத்துப் போடுகிறாரா என்று கேளுங்கள். வராமல் நின்றுபோனவரை என்ன செய்கிறீர்கள் என்றும் கேளுங்கள். ‘அவர் இஷ்டம்’ என்றால் சந்தேகப்படுங்கள். போன் செய்வோம், வீட்டுக்கே வந்து பார்ப்போம் என்றால் நல்லது. இந்தக் கேள்விகளுக்கு ஓர் உறுப்பினர் முன்வந்து பதில் சொன்னால் இன்னும் நல்லது.

இனி கூட்டிக்கொண்டு போவது. வேலை பார்த்த புதிதில் நான் ஒரு குடும்பத்திடம், “காலையில் வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடுங்கள், பழகிவிடுவார்” என்று சொன்னேன். அவர் நான்கு நாள் வாசலிலேயே நின்றுவிட்டு, ஐந்தாம் நாளிலிருந்து அந்தத் தெருவுக்கே வர மறுத்தார். வருவது அவர் விருப்பமாக இல்லாவிட்டால் இந்த முறை வேலை செய்யாது. எனவே ‘சேர்த்துவிடுகிறோம்’ என்ற பேச்சே வேண்டாம். “நான் போய்ப் பார்த்தேன், ஒரு தடவை சும்மா பார்த்துவிட்டு வரலாமா?” என்று கேளுங்கள். மாட்டேன் என்றால் ஒரு வாரம் விட்டுவிடுங்கள். கிளப்ஹவுஸில் சொன்னால் ஓர் உறுப்பினரே போனில் கூப்பிட்டுப் பேசுவார். அதே நோயோடு வாழ்கிறவர் சொல்வது உங்கள் வார்த்தையைவிட எடுபடும். முதல் நாள் அரை மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டாலும் போதும். வாரத்தில் எத்தனை நாள் என்பதை அவரே சொல்லட்டும்.

வீட்டுக்கு வந்ததும் ‘இன்றைக்கு என்ன செய்தாய்’ என்று விசாரிக்காதீர்கள், அது பரீட்சை மாதிரி ஆகிவிடும். இரண்டு நாள் போகாமல் இருந்து கிளப்ஹவுஸிலிருந்து போன் வந்தால், “அவனுக்கு உடம்பு சரியில்லை” என்று நீங்களே பதில் சொல்லி வைத்துவிடாதீர்கள். அழைப்பு அவருக்கு. போனை அவர் கையில் கொடுத்துவிட்டு அறையை விட்டு வெளியே வாருங்கள்.