உலோகக் கார்பனைல் கொத்துகள் எலக்ட்ரான் அயனியாக்கத்தில் எப்படி உடைகின்றன?

சில உலோக அணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்து நிற்க, அவற்றைச் சுற்றிக் கார்பன் மோனாக்சைடு ஒட்டிக்கொண்டிருந்தால் அது உலோகக் கார்பனைல் கொத்து. 3 ருத்தீனியம், 12 கார்பன் மோனாக்சைடு உள்ள ஆரஞ்சு நிறப் பொருளை எடுத்துக்கொள்வோம்.

வெற்றிடத்தில் ஆவியாக்கி, 70 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் ஓர் எலக்ட்ரானை ஏவினால், அது கொத்திலிருந்து ஓர் எலக்ட்ரானைத் தட்டிவிடும். மிஞ்சுவது நேர்மின் அயனி, கூடவே கொஞ்சம் உபரி ஆற்றல்.

கொடைக்கானலில் பிளம்ஸ் காய்க்கும் காலத்தில் கிளையைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கிப் பாருங்கள். பழம் பொத்துப் பொத்தென்று விழும். கிளை அப்படியே நிற்கும். இங்கேயும் அதே கதைதான்: கார்பன் மோனாக்சைடு பழம், உலோக முக்கோணம் கிளை. ஒரு கார்பன் மோனாக்சைடின் நிறை 28; ஒவ்வொன்றாக விழ விழ அயனியின் நிறை 639, 611, 583 என்று 28 28 ஆகக் குறைந்து, கடைசியில் 303இல் மொட்டை ருத்தீனிய முக்கோணம் நிற்கும். (ருத்தீனியத்துக்கு இயற்கையில் ஐசோடோப்புகள், அதாவது நிறை மட்டும் வேறுபடும் அணுவகைகள், ஏழு. அதனால் அயனிகளின் நிறையை அளந்து காட்டும் வரைபடத்தில் ஒவ்வொன்றும் ஒற்றைக் கோடாக இல்லாமல் கோட்டுக் கும்பலாகத்தான் தெரியும். முதன்முறை பார்ப்பவர் மிரண்டுபோவார்.)

ஏன் கார்பன் மோனாக்சைடு முதலில் கழல்கிறது? உலோகம் தன் எலக்ட்ரானைக் கொஞ்சம் கடன் கொடுத்துத்தான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. அயனியானபின் கையிருப்பு குறைவு, பிடி தளர்கிறது. கழன்றதும் தனியாக வாழத் தெரிந்த மூலக்கூறு வேறு. இரும்புக் கொத்தில் சில சமயம் கிளையே முறியும்; அங்கே உலோகப் பிணைப்பு மெலிது.

அப்புறம், 12 கழல 12 எலக்ட்ரான் மோத வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். மோதுவது ஒன்றே, அதன் 70 எலக்ட்ரான் வோல்ட்டும் முழுதாக உள்ளே இறங்குவதில்லை.