கியர் நாப் வாங்கும் முன் மரையை அளந்துவிடுங்கள்

வாகனப் பராமரிப்பு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என்னிடம் 2001ஆம் ஆண்டு ஹோண்டா சிட்டி இருக்கிறது. எஞ்சினில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் கியர் லிவரின் நாப், அதாவது மேல்முனையில் உள்ள கைப்பிடிக் குமிழ், மேற்பூச்சு உரிந்து, வெயில் நேரத்தில் கையில் ஒட்டும் அளவுக்குப் பிசுபிசுக்கிறது. கியர் எண்களும் அழிந்துவிட்டன. உதிரிபாகக் கடையில் எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று ஒரு நாப்பைக் காட்டுகிறார்கள். அதை வாங்கலாமா? நானே மாற்றிக்கொள்ள முடியுமா?
– வாசகர், ஈரோடு

பதில்: நீங்களே மாற்றலாம், அரை மணி நேரம் போதும். ஆனால் கடையில் காட்டிய அந்த நாப்பை மட்டும் வாங்க வேண்டாம்.

எல்லா வண்டிக்கும் பொருந்துவதாக விற்கப்படும் நாப்களில் பெரும்பாலானவற்றுக்கு உள்ளே மரை, அதாவது திருகிப் பொருத்துவதற்கான சுருள் வரி, கிடையாது. லிவரைவிடப் பெரிய துளை, அதற்குள் ஒரு பிளாஸ்டிக் குழல், பக்கவாட்டில் இறுக்குவதற்கு இரண்டு மூன்று சிறு ஸ்குரூக்கள், இவ்வளவுதான் அதன் அமைப்பு. வண்டியின் அதிர்வும், நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான முறை நம் கை இழுத்துத் தள்ளுகிற விசையும் அந்த ஸ்குரூக்களை மெல்ல மெல்லத் தளர்த்திவிடும். பல ஆண்டுகளுக்கு முன் என்னுடைய பழைய காரில் இப்படியொன்றைப் பொருத்தி, மூன்றே வாரத்தில், இறக்கமான சாலையில் மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு இழுத்தபோது நாப் மட்டும் தனியாகக் கையோடு வந்துவிட்டது. அந்த நொடியில் கண் சாலையை விட்டு லிவரைத் தேடிப் போனதை நினைத்தால் இன்றும் எனக்குப் பதறுகிறது. போதாக்குறைக்கு, அந்த ஸ்குரூக்களின் முனைகள் லிவரின் மரையைக் கடித்துக் காயப்படுத்தியிருந்தன.

உங்கள் காரில் நாப்பை லிவரின் முனையிலுள்ள மரையில் திருகிப் பொருத்தியிருப்பார்கள். ஹோண்டாவின் அக்கால மேனுவல் கியர் கார்களில் அந்த மரையின் விட்டம் 10 மி.மீ., பிட்ச், அதாவது ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள இடைவெளி, 1.5 மி.மீ. மஸ்டா, நிசான் கார்கள் பலவற்றில் விட்டம் அதே 10 மி.மீ. என்றாலும் பிட்ச் 1.25 மி.மீ.தான், டொயோட்டாவில் பொதுவாக 12 மி.மீ. விட்டமும் 1.25 மி.மீ. பிட்சும் இருக்கும். 1.5க்கும் 1.25க்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்கு எளிதில் தெரியாது என்பதால்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். தவறான பிட்ச் கொண்ட நாப் முதல் ஒன்றிரண்டு சுற்று நன்றாகவே ஏறும், பிறகு இறுகும். புதிது என்பதால் இறுக்கமாக இருக்கிறது என்று நினைத்து மேலும் திருகினால் நாப்பின் மரையும் போய்விடும், லிவரின் மரையும் போய்விடும். நாப் போனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். லிவரின் மரை மழுங்கிவிட்டால் லிவரையே கழற்றி மாற்ற வேண்டிய பெரிய வேலை வந்து சேரும்.

பழைய வண்டியில் முன்பு யாராவது லிவரையே மாற்றியிருக்கவும் கூடும் என்பதால், நான் சொல்லும் அளவையும் அப்படியே நம்பிவிடாமல் ஒரு முறை சோதித்துக்கொள்ளுங்கள். இரும்புக்கடையில் கிடைக்கும், மரை விட்டம் 10 மி.மீ. உள்ள சாதாரண நட்டின் பிட்ச் 1.5 மி.மீ.தான். நாப்பைக் கழற்றியதும் அந்த நட்டை விரல் நுனியால் திருகிப் பாருங்கள். தடையில்லாமல் கீழ்வரை இறங்கினால் அளவு உறுதி. நட்டு கைவசம் இல்லையென்றால் ஸ்கேலை வைத்து அளக்கலாம்: பத்து மரை இடைவெளி 15 மி.மீ. இருந்தால் பிட்ச் 1.5, 12.5 மி.மீ. இருந்தால் 1.25.

கழற்றும்போது வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். எஞ்சினை அணைத்து, ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, கியரை நியூட்ரலில் வையுங்கள். லிவரைச் சுற்றியுள்ள உறையைச் சற்றுக் கீழே இறக்கி, ஒரு கையால் லிவரை அசையாமல் பிடித்துக்கொண்டு மறு கையால் நாப்பை இடப்பக்கமாகத் திருகுங்கள். லிவரைப் பிடிக்காமல் முழு வலுவையும் கொடுத்தால் அந்த முறுக்கு கீழேயுள்ள லிங்கேஜுக்கு, அதாவது லிவரை கியர்பாக்ஸோடு இணைக்கும் அமைப்புக்கு, போகும். இருபதாண்டுத் துருவால் அசையாமல் நின்றால், துருவை இளக்கும் எண்ணெயைச் சில சொட்டு விட்டு ஓர் இரவு பொறுத்திருந்து, பழைய சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றிப் பிடித்துத் திருகுங்கள், பிடி நழுவாது.

புதிய நாப்பை முழுவதும் இறுக்கிய நிலையில் அதிலுள்ள கியர் எண்கள் நேராக நிற்காமல் கோணலாக நிற்பது பலரும் சந்திக்கும் தொல்லை. அதை நேராக்குவதற்காகத் தளர்த்திவிட்டு விடக்கூடாது. சோதனைக்காக வாங்கிய அதே நட்டை முதலில் லிவரில் இறக்கி, எண்கள் நேராக வரும்வரை நாப்பைத் திருகி, பிறகு நட்டை மேல்நோக்கி இறுக்கினால் இரண்டும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும். உடனடியாக ஒட்டும் பசைகளை மரையில் தடவாதீர்கள். அடுத்த முறை கழற்றுகிறவருக்கு நாப்பை உடைப்பதைத் தவிர வழி இருக்காது.

எண்கள் தெளிவாக உள்ள நாப்பையே வாங்குங்கள். உங்கள் ஐந்து கியர் வண்டியில் ரிவர்ஸ் ஐந்தாவது கியருக்குக் கீழே இருக்கிறது. சில கார்களில் அது முதல் கியருக்கு இடப்பக்கம் இருக்கும். உங்கள் கைக்கு இது பழக்கம். ஆனால் அவசரத்துக்கு வண்டியை எடுக்கும் உறவினருக்கு நாப்பின் மேலுள்ள கியர் எண் படம்தான் வழிகாட்டி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாப்பை மாற்றிய பிறகும் லிவர் நியூட்ரலில் அளவுக்கு மீறி ஆடினால், தேய்ந்திருப்பது நாப் அல்ல, லிவரின் அடியில் அல்லது லிங்கேஜில் உள்ள புஷ், அதாவது அசையும் மூட்டுகளில் இருக்கும் சிறு வளையம். அதை மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி: என் பழைய ஸ்கோடா ஆக்டேவியாவின் நாப்பை எவ்வளவு திருகினாலும் கழற்ற முடியவில்லை, இருந்த இடத்திலேயே சற்று அசைகிறது. என்ன செய்வது?
– வாசகர், மதுரை

பதில்: உடனே திருகுவதை நிறுத்துங்கள். அதில் மரையே இல்லை. இந்தியாவுக்கு முதலில் வந்த ஆக்டேவியாவில் நாப்பும் தோலுறையும் சேர்ந்தே வரும். உறையின் அடிச்சட்டத்தைக் கன்சோலிலிருந்து மெதுவாக நெம்பி எடுத்து, உறையை உட்புறம் வெளியே தெரியுமாறு மேலே புரட்டினால், நாப்பின் கழுத்தை லிவரோடு இறுக்கிப் பிடித்திருக்கும் ஓர் உலோக வளையம் தெரியும். அது ஒருமுறை மட்டுமே பயன்படும் கிளாம்ப். அதை வெட்டி எடுத்த பிறகு நாப்பை நேராக மேலே இழுத்தால் வந்துவிடும். இழுக்கும்போது முகத்தை நாப்புக்கு நேரே வைக்காதீர்கள். திடீரென்று விடுபட்டு மூக்கில் இடித்துவிடும். புதிய கிளாம்ப்பையும் சேர்த்தே வாங்குங்கள். உங்கள் வண்டியில் ரிவர்ஸ் போட லிவரைக் கீழே அழுத்த வேண்டும் என்பதால், பொருத்தி முடித்ததும் அந்த அழுத்தம் தடையின்றி இறங்குகிறதா என்று நிறுத்திய நிலையிலேயே பலமுறை போட்டுப் பாருங்கள்.

கேள்வி: கனமான உலோக நாப் போட்டால் கியர் மாற்றுவது எளிதாகும் என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், சென்னை

பதில்: ஓரளவு உண்மை. எடை கூடும்போது லிவரின் உந்தமும் கூடுவதால் கியர் சற்று வழுக்கிக்கொண்டு விழுவதுபோல் இருக்கும். ஆனால் ஏற்கெனவே கியர் தானாக நழுவும் பழைய வண்டியில் அந்த எடை நிலைமையை இன்னும் மோசமாக்கலாம். மேலும், சென்னையின் மே மாதத்தில் வெயிலில் நிறுத்திய காருக்குள் உலோக நாப்பில் கை வைக்க முடியாது. விருப்பம் விடவில்லையென்றால் தோல் போர்த்தியதாகப் பார்த்து வாங்குங்கள்.