இரண்டாவது கேள்வி – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் அமெரிக்காவில் வசிக்கிறேன். ஞாயிறு காலைகளில் ‘மீட் த பிரஸ்’, ‘ஃபேஸ் த நேஷன்’ என்ற அரசியல் பேட்டி நிகழ்ச்சிகள் இரண்டையும் டிவியில் விடாமல் பார்ப்பவன். கல்லூரிக்குப் போகும் என் மகன் என்னோடு உட்கார மாட்டேன் என்கிறான். “முக்கியமானதெல்லாம் துண்டு துண்டா ஃபோன்லயே வந்துடும்பா” என்கிறான். எனக்கே இப்போது சலிப்பாகத்தான் இருக்கிறது. ஒரே ஆள் ஒரே காலையில் எல்லாச் சேனல்களிலும் வந்து ஒப்பித்துவிட்டுப் போகிறார். பேட்டி எடுப்பவர்களோ அநியாயத்துக்கு மரியாதையாகப் பேசுகிறார்கள். நம் ஊர் இரவு விவாதங்களைப் போல உரக்கக் கேட்டு மடக்கினால் என்ன? மகனை வற்புறுத்திப் பார்க்க வைக்கலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பிள்ளை பக்கத்தில் உட்கார வேண்டும் என்று ஒரு தகப்பன் ஆசைப்படுவதில் தவறே இல்லை. ஆனால் வற்புறுத்தாதீர்கள். அந்த வயதில் வற்புறுத்தி உட்கார வைத்தால் அவன் டிவியைப் பார்க்க மாட்டான், கடிகாரத்தைத்தான் பார்ப்பான்.

ஒரே ஆள் எல்லாச் சேனலிலும் வருவது புதிதும் அல்ல. 1998 பிப்ரவரி 1 அன்று, அதிபர் கிளின்டன் விவகாரத்தில் அடிபட்ட மோனிகா லெவின்ஸ்கியின் வழக்கறிஞர் வில்லியம் கின்ஸ்பர்க் ஐந்து ஞாயிறு நிகழ்ச்சிகளிலும் ஒரே காலையில் வந்துபோனார். அதற்கு அங்கே ‘ஃபுல் கின்ஸ்பர்க்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். அதை விடுங்கள்.

“உரக்கக் கேட்டு மடக்கினால் என்ன” என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதை என்னால் விட முடியவில்லை. இத்தனை வருடம் இந்த நிகழ்ச்சிகளைப் பார்த்த ஒருவர் இப்படி எழுதலாமா? கத்துவது விருந்தாளிக்குச் செய்யும் உதவி. கத்தினால் அவர் கோபப்படலாம், அவமானப்பட்டதாகச் சொல்லலாம், எழுந்தே போகலாம். எது செய்தாலும் பதில் சொல்லாமல் தப்பித்துவிடுவார். மறுநாள் எல்லாரும் சண்டையைப் பற்றிப் பேசுவார்கள். கேள்வி என்ன என்பதே யாருக்கும் நினைவிருக்காது. இரவு விவாதங்களில் தினமும் நடப்பது இதுதான்.

உங்கள் கடிதம் வந்தபோது நான் 2003-ஆம் ஆண்டு ‘மீட் த பிரஸ்’ பேட்டிகளின் எழுத்து வடிவத்தைத்தான் மறுபடி படித்துக்கொண்டிருந்தேன். அந்த வருடம் மார்ச்சில் நான் அமெரிக்காவில் அக்கா வீட்டில் இருந்தேன். அத்தான் தணிக்கை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு காலை டிவி முன்னால் உட்காரும்போது மடியில் ஒரு புத்தகம், அதன்மேல் பழைய தபால் உறை ஒன்றைப் பிரித்து வெள்ளைப் பக்கம் தெரிய வைத்திருப்பார். நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் கேள்வி, வலது பக்கம் பதில், நாலைந்து சொல்லில். பதில் வராவிட்டால் வலது பக்கத்தைக் காலியாக விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போவார். “எதைச் சொன்னான்னு பேப்பர்ல வந்துடும். எதைச் சொல்லலைங்கறத நாமதான் குறிச்சு வெச்சுக்கணும்” என்பார்.

மார்ச் 16. இராக் போர் தொடங்க இன்னும் சில நாட்கள்தான். துணை அதிபர் டிக் செய்னி வந்திருந்தார், எதிரே நிகழ்ச்சியை நடத்திய டிம் ரஸர்ட். விடுதலை செய்ய வந்தவர்களாகவே இராக்கியர்கள் எங்களை வரவேற்பார்கள் என்றார் செய்னி. மற்ற எந்த நிகழ்ச்சியிலும் அதோடு அடுத்த தலைப்புக்குப் போயிருப்பார்கள். ரஸர்ட் போகவில்லை. குரலும் உயரவில்லை. உங்கள் கணிப்பு தப்பாகி, விடுதலை செய்ய வந்தவர்களாக அல்ல, நாடு பிடிக்க வந்தவர்களாக நினைத்து அவர்கள் எதிர்த்தால்? நீண்ட, செலவு மிகுந்த, இரத்தம் சிந்தும் போருக்கு அமெரிக்க மக்கள் தயாரா? செய்னியின் பதில், அப்படி நடக்குமென்று நான் நினைக்கவில்லை, உண்மையிலேயே வரவேற்பார்கள் என்று நம்புகிறேன் என்பதுதான். அத்தான் இடது பக்கம் இரண்டு வரி எழுதினார். வலது பக்கத்தில் எதுவும் எழுதவில்லை.

அதே வருடம் செப்டம்பர் 14 அன்று செய்னி மறுபடி வந்தார். ரஸர்ட் அந்த மார்ச் பேச்சைத் திரையில் ஓட்டிக் காட்டிவிட்டு, அப்படி வரவேற்கவில்லையே என்றார். பெரும்பாலான இராக்கியர்கள் வரவேற்றார்கள் என்றுதான் நினைக்கிறேன் என்றார் செய்னி. ஒரு மனிதர் ஆறு மாதத்துக்கு முன்பு சொன்னதையும் இன்று சொல்வதையும் ஒரே நாற்காலியில், ஒரே கேள்வியாளர் முன்னால் வைத்துப் பார்க்க முடிந்தது. இதற்குக் கத்தல் தேவைப்படவில்லை. படித்துவிட்டு வருவது தேவைப்பட்டது. ரஸர்ட் சட்டம் படித்தவர். எதிரே உட்காருபவர் முன்பு என்னென்ன பேசியிருக்கிறார் என்று தேடி எடுத்து, அந்த வரிகளைத் திரையில் போட்டுக் கேட்பதுதான் அவர் பாணி. வாரம் ஒருமுறை நடக்கும் நிகழ்ச்சிக்கு அதற்கான அவகாசம் உண்டு. தினசரி நிகழ்ச்சிகளுக்குக் கிடையாது.

அவர் எப்போதும் சரியாகவே கேட்டார் என்று சொல்லவில்லை. 2002 செப்டம்பர் 8 அன்று இதே செய்னி இதே நிகழ்ச்சியில், சதாம் உசேன் அணு ஆயுதத்துக்காக அலுமினியக் குழாய்கள் வாங்கப் பார்க்கிறார் என்றார். அன்று காலை நியூயார்க் டைம்ஸில் வந்த செய்தியைச் சுட்டிக்காட்டினார். அந்தச் செய்திக்குத் தகவல் கொடுத்ததே அவர்கள் அரசாங்கத்து அதிகாரிகள்! அன்று வர வேண்டிய இரண்டாவது கேள்வி, “பத்திரிகைக்குச் சொன்னது உங்கள் ஆட்கள்தானே?” என்பது. அது வரவில்லை. அந்தக் குழாய்கள் சாதாரண ராக்கெட்டுகளுக்கானவை என்று போருக்குப் பின் அமெரிக்க ஆய்வுக் குழுவே முடிவு செய்தது. அரசாங்கத்துக்குள்ளேயே சந்தேகம் இருந்ததை அறிந்தவர்கள் அன்று எனக்கு ஃபோன் செய்திருக்கக் கூடாதா என்ற பொருளில் பின்னாளில் ரஸர்ட் வருந்திப் பேசினார். எனக்கு அவர் மேல் மிகுந்த மதிப்பு உண்டு. ஆனாலும் இதை ஏற்க மாட்டேன். ஃபோன் வரும் என்று அவர் காத்திருக்கக் கூடாது. அவர்தான் நம்பரைச் சுழற்றியிருக்க வேண்டும்.

அன்று அவர் மரியாதையாகப் பேசியது குறை இல்லை. மார்ச்சிலும் அதே மரியாதையோடுதான் கேட்டார். முதல் பதில் வந்ததும் நிறுத்தாமல் அதற்குள்ளேயே போய் இன்னொன்று கேட்டாரா என்பதுதான் வித்தியாசம். நாட்டையே போருக்குக் கொண்டுபோன ஒரு வாதத்தில் அந்த ஒரு கேள்வி விடுபட்டுப் போனது. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. நீங்கள் உட்கார்ந்து குரலின் சத்தத்தை அளந்துகொண்டிருக்கிறீர்கள்.

உங்கள் மகன் சொல்லும் துண்டுகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தத் துண்டில் பெரும்பாலும் பதில்தான் இருக்கும், அதுவும் நல்ல வாக்கியமாக வந்த பதில். கேள்வி வெட்டுப்பட்டிருக்கும். இரண்டாவது கேள்வி நிச்சயம் இருக்காது, அதில் பாதி நேரம் விருந்தாளி திணறிக்கொண்டிருப்பார், பகிர்வதற்கு அழகாக இருக்காது. அவனிடம் இதை அறிவுரையாகச் சொல்ல வேண்டாம். நான் சொன்ன அந்த 2003 மார்ச், செப்டம்பர் பேட்டிகள் இரண்டையும் அச்செடுங்கள். நீங்கள் ரஸர்ட்டின் வரிகளைப் படியுங்கள், அவன் செய்னியின் வரிகளைப் படிக்கட்டும். உரக்கப் படியுங்கள், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. எந்த இடத்தில் பதில் வரவில்லை என்று அவன் முதலில் கண்டுபிடிக்கிறானா நீங்களா என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.