மழையில் ஊர்ந்து போகும் ரயில்

அன்புள்ள ஐயா,

பச்சை மலை, அருவி என்று எல்லோரும் சொன்னதை நம்பி, ஆகஸ்டில் மும்பையிலிருந்து மங்களூருக்குக் கொங்கன் பாதையில் ரயிலேறினேன். வண்டி ஊர்ந்தது. பேர் தெரியாத ஸ்டேஷனில் முக்கால் மணி நேரம் நின்றது. பார்த்ததெல்லாம் மூடுபனியும் குகைகளும்தான். எந்த மாதம் போகலாம், எந்தப் பக்கம் ஜன்னல் எடுக்கலாம்? மழைக்காலத்தில் இந்த வண்டிகளை ஓட்டுவதே வீண் என்று தோன்றுகிறது.

ம.

அன்புள்ள தம்பி,

ஜன்னலை முதலில் முடித்துவிடுகிறேன். தெற்கே வரும்போது இடப்பக்கம் மலை. வலப்பக்கம், ஆறுகள் அகன்று கடலுக்குப் போகும் பக்கம். கடலையே பார்க்கலாம் என்று நினைக்க வேண்டாம், பாதை பெரும்பாலும் உள்ளே தள்ளித்தான் போகிறது. மாதம் உங்கள் வசதி.

உங்கள் கடைசி வரியை மட்டும் என்னால் தாண்ட முடியவில்லை. கொஞ்ச நாளாக நானும் அந்தப் பாதையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வண்டி ஊர்ந்தது என்கிறீர்கள். ஏன் என்று ரயிலில் ஒருவரையாவது கேட்டீர்களா? மும்பைக்குத் தெற்கே ரோஹாவிலிருந்து மங்களூர் அருகே தோக்கூர் வரை 741 கிலோமீட்டர். மலையைக் குடைந்தும் அறுத்தும் போட்ட பாதை. 1998 ஜனவரியில் முழுதாகத் திறந்தார்கள். 2003 ஜூன் 22 இரவு, வைபவ்வாடி அருகே சரிவிலிருந்து விழுந்த பாறைகளில் மோதி ஒரு சிறப்பு ரயில் தடம்புரண்டது. ஐம்பது பேருக்கு மேல் இறந்தார்கள். மறு ஜூனில் கரஞ்சாடி அருகே மத்ஸ்யகந்தா எக்ஸ்பிரஸ். அங்கேயும் விழுந்த பாறைதான், மறுபடியும் சாவு. இன்று கனமழையில் பாதை தெரியாமல் போனால் ஓட்டுநர் 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. நீங்கள் சலித்துக்கொண்ட அந்த வேகத்துக்கு இத்தனை பேர் விலை கொடுத்திருக்கிறார்கள் தம்பி. முக்கால் மணி நேரம் நின்றது கிராசிங்குக்காக இருக்கும், பாதையில் பெரும்பகுதி ஒற்றை வழி.

அந்த மண்ணையும் கொஞ்சம் புரிந்துகொள்ளுங்கள். மேலே செம்புராங்கல், உடம்பெல்லாம் துளை. மழைநீர் அதன் வழியே இறங்கி அடியிலிருக்கும் களிமண்ணைக் குழைத்துவிடும். மலையின் காலை நாம் ஏற்கெனவே அறுத்து வைத்திருப்போம். அப்புறம் அது எப்படி நிற்கும்? அங்கோலா அருகே ஷிரூரில் 2024 ஜூலை 16 அன்று, நெடுஞ்சாலைக்காக வெட்டிய மலை சரிந்து, சாலையோர டீக்கடையையும் லாரிகளையும் கங்காவளி ஆற்றுக்குள் தள்ளியது. அதே மாதம் கோவாவின் பெர்னெம் குகைக்குள் தண்ணீர் ஊறிப் புகுந்து ரயில்கள் நின்றன. ரயில்காரர்கள் சரிவுகளை மட்டப்படுத்துகிறார்கள், வலை போர்த்துகிறார்கள், வெட்டிவேர் நடுகிறார்கள். நம் பாட்டி பானைத் தண்ணீரில் போட்ட அதே வேர்தான். அதையெல்லாம் செய்த பிறகும் மழைக்காலத்தில் ஒரு மனிதன் நடந்துபோய்ப் பார்த்தாக வேண்டியிருக்கிறது.

அந்த மனிதரை நான் ஒருமுறை பார்த்தேன். ஏழெட்டு வருடம் இருக்கும். ரத்னகிரிக்குத் தெற்கே சின்ன ஸ்டேஷன், நள்ளிரவு தாண்டி, கூரையைப் பிய்க்கிற மழை. எங்கள் வண்டி நின்றுகொண்டிருந்தது. பெட்டிக்குள் எல்லோரும் உங்களைப் போலவே திட்டிக்கொண்டிருந்தார்கள், நானும்தான். இருட்டிலிருந்து ஒரு விளக்கு ஆடி ஆடி வந்தது. மழைக்கோட்டுக்குள் ஒல்லியான ஆள், ஐம்பது வயதிருக்கும். தோள்பையில் வெடி இருந்தது. பாறை விழுந்திருந்தால் தண்டவாளத்தில் பொருத்துவார்கள், எஞ்சின் ஏறியதும் வெடிக்கும், ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிடுவார். எதிர்ப்பக்கத்திலிருந்து வந்த இன்னொருவரிடம் தன் நோட்டைக் கொடுத்து அவர் நோட்டை வாங்கிக்கொண்டார். தன் பங்குப் பாதையை முழுதாக நடந்து பார்த்தார் என்பதற்கு அந்த நோட்டுதான் சாட்சி. என் அரைகுறை இந்தியில், பயமில்லையா என்று கேட்டேன். பாம்புக்குத்தான் பயம் என்றார். பிஸ்கட் நீட்டினேன், வாங்கி மழைக்கோட்டுக்குள் வைத்துக்கொண்டார். வந்த வழியே திரும்பி நடக்க வேண்டும் என்றார்.

வீண் என்று எழுதிய கையால் அவரையும் அழித்துவிட்டீர்களே! கோபமாகத்தான் சொல்கிறேன். ஆனாலும் நீங்கள் எழுதியது நல்லதாயிற்று, இத்தனை வருடம் இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

கொஞ்ச நேரத்தில் சிக்னல் விழுந்தது. அவர் நடந்து பார்த்துவிட்டு வந்த பாதையில்தான் எங்கள் வண்டி புறப்பட்டது, இரண்டு மணி நேரம் தாமதமாக.

அன்புடன்.