இஸ்தான்புல்லில் கணவன் மனைவியாக ஒரு நாளை அவசரமில்லாமல் சுற்றிப் பார்க்க எப்படித் திட்டமிடலாம்?

முதல் வேலையாக, அன்றைக்கு சுல்தானகமெட் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். ஹாகியா சோபியா, தோப்காபி அரண்மனை, நீல மசூதி எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. பார்க்காமல் திரும்பக் கூடாத இடங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் வரிசை, சோதனை, டிக்கெட், கொடி பிடித்த வழிகாட்டியின் பின்னால் ஓடும் கூட்டம் என்று பாதி நாள் போய்விடும். அவற்றுக்கு வேறு ஒரு நாளை ஒதுக்கிவிடுங்கள். நீங்கள் கேட்கிற மாதிரியான நாளுக்கு ஒரு மலை, ஒரு படகு, ஒரு தேநீர்த் தோட்டம் போதும். நானும் என் கணவரும் அப்படித்தான் சுற்றினோம்.

காலையில் மலைமேல் இருக்கும் சுலைமானியே பள்ளிவாசல். சுல்தான் சுலைமானுக்காக சினான் என்ற கட்டடக் கலைஞர் கட்டியது, 1557இல் முடிந்தது. தொழுகை நேரம் தவிர யாரும் போகலாம், கட்டணம் கிடையாது. பெண்கள் தலையை மூட ஒரு துப்பட்டா கையில் இருக்கட்டும். உள்ளே போனதும் என் கணவர் கம்பளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். நூற்றுக்கணக்கான எண்ணெய் விளக்குகள் எரிந்த காலத்தில், புகை சுவரில் படியாமல் வாசலுக்கு மேலிருக்கும் ஓர் அறைக்குப் போய்ச் சேரும்படி காற்றோட்டத்தை சினான் அமைத்தாராம். அங்கே சேர்ந்த கரியை வழித்து எழுத்து மை செய்தார்களாம். "மேலே பாரும்மா, எங்கேயாவது கரி தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டே அண்ணாந்திருந்தார். கழுத்து வலிக்கும் வரை நானும் பார்த்தேன்.

பின்பக்கத் தோட்டத்தில் சுலைமானுக்கும் அவர் மனைவி ஹுர்ரெமுக்கும் தனித்தனிக் கல்லறை மண்டபங்கள் இருக்கின்றன. இத்தனையும் கட்டிய சினானுக்கோ வளாகத்துக்கு வெளியே, தெருமுனையில், சின்னதாக ஒன்று. பலர் கவனிக்காமலே தாண்டிப் போகிறார்கள். மறக்காமல் பாருங்கள்.

அங்கிருந்து டாக்ஸி பிடிக்க வேண்டாம். சரிவில் இறங்கும் சந்துகள் வழியாக நடந்தாலே கடலுக்கு வந்துவிடலாம். பாத்திரம், மரக்கரண்டி, கூடை என்று உள்ளூர்க்காரர்கள் வாங்கும் கடைகள்தான் வழி நெடுக. அடிவாரத்தில் கடைகளுக்கு நடுவே ஒரு குறுகிய படிக்கட்டு ஏறும். அதற்கு மேலே இருப்பது ருஸ்தம் பாஷா பள்ளிவாசல். ருஸ்தம் பாஷா சுலைமானின் மருமகன், தலைமை அமைச்சராக இருந்தவர். இதுவும் சினான் கட்டியதுதான். கீழே உள்ள கடைகளின் வாடகையில் பள்ளிவாசல் நடக்க வேண்டும் என்று அப்படி மேலே தூக்கிக் கட்டியிருக்கிறார்கள்.

என்னைக் கேட்டால், அன்றைய தினத்தின் உச்சம் இந்தச் சின்ன இடம்தான். சுவர் முழுக்க இஸ்னிக் என்ற ஊரில் செய்த சுவர் ஓடுகள், நீலமும் வெள்ளையுமாக, துலிப் பூக்களும் கார்னேஷன்களும். தூரத்தில் நின்றால் நீலம் மட்டும்தான் கண்ணில் படும். ஒரு முழம் தள்ளி நின்று, சற்றுப் பக்கவாட்டில் பாருங்கள். பூவுக்குள் இருக்கும் தக்காளிச் சிவப்பு மற்ற நிறங்களைப் போலத் தட்டையாக இல்லாமல் மெல்லப் புடைத்துக்கொண்டு நிற்கும். இரும்புச் சத்துள்ள செம்மண் குழம்பைக் கெட்டியாகப் பூசிச் சுட்டதால் வந்த மேடு அது. நான் ஒரே சுவரின் முன்னால் வெகுநேரம் நின்றேன். இவர் வெளித் திண்ணையில் ஒரு பூனையோடு உட்கார்ந்துவிட்டார். ஜோடியாகப் போனால் எல்லாவற்றையும் ஒட்டிக்கொண்டே பார்க்க வேண்டும் என்று சட்டமா என்ன? "நீ பார்த்துட்டு வா" என்று சொல்லத் தெரிந்த கணவரோடு ஊர் சுற்றுவது தனி சுகம்.

சில நிமிடம் நடந்தால் எமினோனு படகுத்துறை. இஸ்தான்புல்கார்ட் என்ற பயண அட்டை ஒன்று வாங்கிப் பணம் ஏற்றிக்கொண்டால் ஒரே அட்டையை இருவருக்கும் தட்டிவிடலாம். சுற்றுலாப் படகுக்கு ஆள் பிடிப்பவர்கள் கூப்பிடுவார்கள். சிரித்துவிட்டு, எதிர்க்கரையில் உள்ள காடிகோய்க்கு ஊர்க்காரர்கள் போகும் படகில் ஏறுங்கள். ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்கு அரை மணிக்கும் குறைவுதான். வெளிப்பக்க பெஞ்சில் இடம் பிடியுங்கள். இடுப்பு ஒடுங்கிய கண்ணாடிக் குவளைகளில் பால் சேர்க்காத தேநீரைத் தட்டில் ஏந்தி ஒருவர் வருவார். படகு எவ்வளவு ஆடினாலும் சிந்தாது. எள் தூவிய சிமிட் ரொட்டியைப் பிய்த்து வீசினால் கடற்காகங்கள் கைப்பிடிக் கம்பியை ஒட்டியே பறந்து வரும். கண்ணைச் சுற்றியுள்ள சிவப்பு வளையம் தெரியும் அளவுக்குப் பக்கத்தில் வரும். பாதி சிமிட் எனக்கு என்று வைத்திருந்ததையும் இவர் வீசித் தீர்த்துவிட்டார்.

காடிகோய் நெருங்கும்போது இடப்பக்கம் தண்ணீரை ஒட்டிக் கோட்டை மாதிரி நிற்பது ஹைதர்பாஷா ரயில் நிலையம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியர்கள் வடிவமைத்தது. இறங்கியதும் கடைத்தெருவில் சாப்பாடு. சைவம் என்றால் கவலை வேண்டாம்: எலுமிச்சை பிழிந்த பருப்பு சூப், ஆலிவ் எண்ணெயில் சமைத்த காய்கள், கீரையோ பாலாடைக்கட்டியோ வைத்து மடித்த கோஸ்லெமே என்ற ரொட்டி எல்லாம் உண்டு.

சாப்பிட்டுவிட்டு மெதுவாகப் பக்கத்தில் இருக்கும் மோடா பகுதிக்கு நடங்கள். கடலைப் பார்த்த மேட்டில், மரத்தடியில் தேநீர்த் தோட்டம் இருக்கிறது. எங்களுக்குச் சாயங்காலம் முழுக்க அங்கேதான் கழிந்தது. எதிர்க்கரையில் பழைய நகரத்தின் குவிமாடங்களும் மினார்களும் தெரியும். பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் ஒரு கதை எழுதியிருக்கிறார். அந்தக் கரையில் பைசாந்தியம், அதாவது பழைய இஸ்தான்புல், எழுவதற்கு 17 ஆண்டுகள் முன்பே இந்தக் கரையில் கால்செடான் என்ற ஊர் வந்துவிட்டது. அதாவது இன்றைய காடிகோய். அவ்வளவு நல்ல இடம் எதிரே இருக்க இங்கே வந்து குடியேறியவர்கள் குருடர்களாகத்தான் இருக்க வேண்டும் என்று மெகபாசஸ் என்ற பாரசீகத் தளபதி சொன்னாராம். நான் இதைச் சொன்னதும் இவர், "அங்கே இருக்கிறவனுக்கு அந்த ஊரோட அழகு எப்படித் தெரியும்?" என்றார். எனக்கு இவர் கட்சிதான் சரியென்று படுகிறது.

திரும்பும்போது கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று துறையிலேயே பார்த்துவையுங்கள். தவறினாலும் பரவாயில்லை. 2013 முதல் கடலுக்கு அடியில் மர்மராய் ரயில் ஓடுகிறது; காடிகோயிலிருந்து மெட்ரோவில் ஒரு நிறுத்தம் போய் மாறிக்கொள்ளலாம். உங்கள் நாள் வெள்ளிக்கிழமையாக இருந்தால் மட்டும் வரிசையைத் திருப்பிப் போடுங்கள். மதியத் தொழுகை முடியும் வரை பள்ளிவாசல்களுக்குள் பார்வையாளர்களை விடமாட்டார்கள். காலையில் காடிகோய், சாயங்காலம் சுலைமானியே.